குறடு கடித்த குமிழ்

வெடித்துப்போன அறைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேடம் கால் மணி நேரமாக ஒரு தகட்டைப் படித்துக்கொண்டிருந்தார். நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் அந்த அறையில்தான் இருந்தது. இப்போது அது இரும்பு பீரோ மல்லாந்து விழுந்ததுபோல் கிடந்தது. அதன் கதவின் உள்பக்கம் பதித்திருந்த தகடு ஓரமெல்லாம் கருகி, நடுவில் மட்டும் எழுத்து மிச்சமிருந்தது.

பக்கத்தில் நின்ற சைரன் கொட்டாவியை விழுங்கினான். பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வண்டி நின்றாலும் வாய் நிற்காது என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. மேடத்திடம் உதவியாளனாக வந்து நாலு வருஷம் ஆகியும் பெயர் கழன்று விழவில்லை. விழும்படி அவனும் நடந்துகொள்ளவில்லை.

"கதை நல்லா இருக்கா மேடம்? கடைசியில கொலைகாரன் யாரு?"

"யாரும் படிக்காத கதை, சைரன். அதான் இவ்வளவு புதுசா இருக்கு." மேடம் விரலால் வரி வரியாகத் தொட்டுக் காட்டினார். "பற்ற வைக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு தரையோரமா மோந்து பாரு. வாசனை வந்தா எந்த ஸ்விட்சையும் தொடாதே. குமிழைக் கையால மட்டும் திருப்பு, திரும்பலைன்னா விட்டுடு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு. அணைச்ச பிறகு அஞ்சு நிமிஷம் பொறு. நாலே வரி. இதைப் படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனா இந்த வீட்ல அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் கிடைக்கலை."

மேடம் இருபது வருஷம் தொழிற்சாலை விபத்துகளை ஆராயும் உத்தியோகத்தில் இருந்தவர். பாய்லர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, பக்கத்தில் நிற்கிறவன்தான் சொல்வான் என்பது அவர் கண்ட முடிவு. அதனால் இயந்திரங்களிடம் மரியாதையாகவும் மனிதர்களிடம் அலட்சியமாகவும் பேசப் பழகியிருந்தார்.

ஒன்பது நாளைக்கு முன்னால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்த அறை வெடித்தது. தகரக் கூரை பறந்து பக்கத்து வீட்டுப் புல்வெளியில் போய்ப் படுத்தது. குளத்தையும் ஹீட்டரையும் பராமரிக்க வரும் மெக்கானிக் உடம்பில் பாதி வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். சப்-இன்ஸ்பெக்டர் பதினோரு வரியில் விசாரணையை முடித்திருந்தார்: மெக்கானிக் உள்ளே சிகரெட் பற்ற வைத்தான், கேஸ் பிடித்துக்கொண்டது, அறையில் லைட்டர் கிடைத்தது. பிழைத்து எழுந்தால் கைது, எழாவிட்டால் கோப்பு மூடப்படும். இரண்டில் எது நடந்தாலும் சப்-இன்ஸ்பெக்டருக்குச் சிரமம் இல்லை.

சிரமம் மெக்கானிக்கின் அக்காவுக்குத்தான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். முந்தாநாள் மேடத்தின் ஆபீசுக்கு வந்து அழாமல் உட்கார்ந்து பேசினார். தம்பி சிகரெட் பிடிக்கிறவன் என்று சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வாராம். மோந்து பார்க்காமல் நெருப்பு வைத்தான் என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லையாம். வீட்டு அடுப்பைப் பற்ற வைக்கும்போதுகூட முதலில் தரையில் மண்டி போட்டு மோந்து பார்க்கிறவன் அவன். அக்கம்பக்கத்தில் அதற்காகவே அவனைக் கேலி செய்வார்கள். அந்த ஒரு விஷயத்துக்காக மேடம் வழக்கை எடுத்துக்கொண்டார்.

"இங்க பாருங்க," என்று மேடம் ஹீட்டரின் வயிற்றுக்குள் டார்ச் அடித்தார். கேஸைத் திறந்து மூடும் சிவப்பு பிளாஸ்டிக் குமிழ், இரும்புப் பெட்டிக்குள் மறைவாக இருந்ததால் வேகாமல் தப்பியிருந்தது. அதன் இரண்டு கன்னத்திலும் வரிசையாகப் பல் பதிந்த தடம்.

"யாரோ கடிச்சிருக்காங்க," என்றான் சைரன்.

"கட்டிங் பிளேயர். குமிழ் இறுகியிருக்கு. கையால திரும்பலை. குறடு வெச்சு முறுக்கியிருக்காங்க. வெளியே குமிழ் மூடின மாதிரி நிற்குது, உள்ளே தண்டு உடைஞ்சு கேஸ் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. இந்த வேலையைத் தெரிஞ்சவன் செய்வானா?"

அடுத்து சுவரோரம் போகும் கேஸ் குழாயைக் காட்டினார். அதில் இருந்த வால்வின் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். தீயணைப்புக்காரர்கள் தாங்கள் வரும்போதே அது அப்படித்தான் இருந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்தார்; படிக்கவில்லை.

சைரன் தலையைச் சொறிந்தான். "சிகரெட் குடிக்க உள்ளே போனவன், முதல்ல கேஸை மூடிட்டு, அப்புறம் பற்ற வெச்சானா? அவ்வளவு ஒழுங்கான ஆளுக்கு அவார்டு இல்ல கொடுக்கணும்."

"இன்னொண்ணு." மேடம் போலீஸ் எடுத்த போட்டோவை நீட்டினார். கருகிய தரையில் மஞ்சள் பிளாஸ்டிக் லைட்டர் பளபளவென்று கிடந்தது. அரை அடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளி, மெழுகுபோல் உருகித் தரையோடு ஒட்டிக்கிடந்தது.

சைரன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாளி உருகுகிற நெருப்பில் லைட்டர் வியர்க்கக்கூட இல்லை. "வெடிச்சதுக்கப்புறம் வந்து குந்தியிருக்கு மேடம்."

"குந்த வெச்சிருக்காங்க. அவ்வளவு மட்டமான மூளை. வாங்க, அந்தக் குறடு யார் கையில இருந்ததுன்னு பார்ப்போம்."

வீட்டு நடுக்கூடத்தில் அவர்களை வரவேற்றவை நாற்பது முகங்கள். நாற்பதும் ஒரே முகம். மேடையில் கை ஓங்கியபடி ஒன்று, மாலையோடு ஒன்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒன்று, கடற்கரையில் தொலைதூரத்தைப் பார்த்தபடி ஒன்று. வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய்த் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறவர். எந்தப் பேச்சையும் 'சிகரம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்றுதான் முடிப்பார். அதனால் ஊரே அவரைச் சிகரம் என்று கூப்பிட்டது. அவரும் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

சிகரம் பட்டுச் சட்டையில் இறங்கி வந்தார். நெற்றி பளபளத்தது. புருவம் இரண்டும் அடர்த்தியாக, வாரிவிட்டதுபோல் இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. மெக்கானிக்குக்காகத் தான் தினமும் வேண்டிக்கொள்வதாகவும், ஆனால் ஒழுக்கமில்லாதவனை வாழ்க்கை தண்டித்தே தீரும் என்றும், இதைத் தன் அடுத்த புத்தகத்தில் ஒரு அத்தியாயமாக எழுதப்போவதாகவும் சொன்னார். புத்தகத்தின் பெயர் தன்னடக்கம்.

சைரனுக்கு இருமல் வந்தது.

அன்று காலை எங்கே இருந்தீர்கள் என்று மேடம் கேட்டார். மாடியில் எழுதிக்கொண்டிருந்தாராம். எட்டு மணிக்கு டிவிக்காரர்கள் வருவதாக இருந்ததாம். குளத்துக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில், வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்தபடி அவர் பேட்டி கொடுப்பதாக ஏற்பாடு. ஹீட்டரை நீங்கள் இயக்கியதுண்டா என்று கேட்டதற்குச் சிகரம் சிரித்தார்.

"நான் மெஷினை இயக்குறவன் இல்லைம்மா. மனுஷங்களை இயக்குறவன்."

"அதுக்கும் ஒரு தகடு மாட்டியிருந்தா நல்லா இருக்கும்," என்று மேடம் சொன்னார். சிகரம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

அப்புறம் மேடம் எதுவும் கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் இருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். சிகரத்துக்கு அது பிடித்திருந்தது. எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று பின்னாலேயே வந்து விளக்கினார். சைரனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவன் வெந்து கிடக்கிறான், இந்தம்மா கண்காட்சி பார்க்கிறாரே என்று நினைத்தான். மேடம் ஒரு அலமாரியில் நின்று, சிகரத்தின் மிகப் பிரபலமான புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் படித்தார். வைத்துவிட்டு, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

மனைவியும் மச்சானும் இருந்தார்கள். மனைவி உள்ளே வேலையாக இருப்பதாகச் சிகரம் சொன்னார். மச்சான், அதாவது மனைவியின் தம்பி, குளத்தோரம் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தான். முப்பத்தைந்து வயது. வேலை என்று எதுவும் இல்லை. அதைச் செய்யவும் அவனுக்கு நேரம் இல்லை. நிழலில்தான் படுத்திருந்தான், ஆனாலும் தொப்பியைப் புருவத்துக்குக் கீழே வரை இழுத்துவிட்டிருந்தான்.

சைரனின் மூளையில் பளிச்சென்றது. மேடத்தை ஓரமாக இழுத்துப் போனான். குறடு வைத்து முறுக்கியவன் அதோடு விட்டிருக்க மாட்டான். பற்ற வைத்தும் பார்த்திருப்பான். உடைந்த குமிழ், தேங்கின கேஸ், குனிந்து எட்டிப் பார்க்கிற முகம். குப்பென்று ஒரு நாக்கு வெளியே வந்து நக்கியிருக்கும். ஆம்புலன்சில் அப்படி எத்தனை பேரை ஏற்றியிருக்கிறான். உயிருக்கு ஒன்றும் ஆகாது, புருவமும் இமையும் மட்டும் போயிருக்கும்.

"அந்தத் தொப்பிக்கு அடியில புருவம் இருக்கான்னு பார்த்துட்டா வழக்கு முடிஞ்சுது மேடம்."

"யோசனை சரி," என்றார் மேடம். "போய்ப் பாருங்க."

சைரன் போனான். வணக்கம் சொன்னான், சாய்வு நாற்காலியைச் சுற்றி வந்தான், தடுக்கியதுபோல் சாய்ந்து தொப்பியைக் கையோடு எடுத்துவிட்டான். மச்சான் அலறிக்கொண்டு இரண்டு கையாலும் தலையை மூடினான். புருவம் இரண்டும் பத்திரமாக இருந்தன. மேலே, மொட்டைத் தலை முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், நாற்று நட்ட வயல்போல.

முடி நட்டிருக்கிறான். வெயில் படக்கூடாதாம். அக்காவுக்குக்கூடத் தெரியாதாம்.

"விளைச்சல் வர எத்தனை நாளாகும்?" என்று கேட்டுவிட்டுச் சைரன் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. நல்ல யோசனை ஒன்று வீணாய்ப் போனதில் வருத்தம்.

ஆனால் ரகசியம் வெளிப்பட்டவன் எதையும் பேசுவான். மேடம் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றதும் மச்சான் கடகடவென்று கொட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பேட்டிக்கு ஒத்திகை நடந்ததாம். ஹீட்டர் அறையில் ஓடும் பம்பின் இரைச்சல் பேச்சைக் கெடுக்கிறது என்று, அந்த அறையின் தரையோரம் இருந்த காற்றுத் துளைகளில் துண்டைத் திணித்து அடைக்கச் சொன்னார்களாம். இவன்தான் அடைத்தானாம். யார் சொன்னது என்று மேடம் கேட்டார். இந்த வீட்டில் ஒருத்தர்தானே சொல்வார் என்றான். கட்டிங் பிளேயர் பற்றிக் கேட்டதற்கு, சமையலறை இழுப்பறையில் ஒன்று இருந்தது, வெள்ளிக்கிழமையிலிருந்து காணோம் என்றான்.

திரும்பி நடக்கும்போது மேடம் விளக்கினார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியே போகத்தான் துளையைத் தரையோரம் வைத்திருக்கிறார்கள். "துண்டைத் திணிச்சதும் அந்த அறை பெரிய சிலிண்டர் ஆயிடுச்சு. ராத்திரி பூரா நிரம்பியிருக்கு. ஒருத்தனுக்கும் அது தோணலை."

"அப்ப குறடு யாரு மேடம்? தொப்பி இல்லைன்னா, வீட்டம்மாவா?"

மேடம் நேராகக் கூடத்துக்குள் போனார். சிகரம் யாருடனோ போனில், தோல்வியைக் காதலியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் அந்தப் போனை அவர் கையிலிருந்து வாங்கி அணைத்து மேஜையில் வைத்தார்.

"உங்க புத்தகத்தோட முதல் வரி எனக்கு ரொம்பப் பிடிச்சது சார். 'என் இடது புருவத்தில் ஒரு கோடு இருக்கிறது. அது தோல்வி போட்ட கையெழுத்து.' ஒன்பது வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தீங்க. அந்த இடத்துல முடி முளைக்கவே இல்லை. அதை வெச்சே நாலு பக்கம் எழுதியிருக்கீங்க."

சிகரம் புன்னகைக்கப் பார்த்தார்.

"சுவர்ல நாற்பது படம் இருக்கு. நாற்பதுலயும் அந்தக் கோடு இருக்கு. மாலை போட்ட படத்துல, குழந்தையைத் தூக்கின படத்துல, எல்லாத்துலயும். உங்க முகத்துல மட்டும் காணோமே."

சைரன் சிகரத்தின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் சுவரைப் பார்த்தான். அப்புறம் மறுபடி முகத்தை. இவ்வளவு நேரம் அந்த அடர்ந்த புருவங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், பொறாமைகூடப் பட்டான். தன் கண்ணில் தானே குத்திக்கொள்ளலாம்போல் இருந்தது.

"நெருப்பு நக்கிட்டுப் போயிருக்கு," என்றார் மேடம். "ஒட்டியிருக்கீங்க. எடுக்கிறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

சிகரத்துக்கு மேடைக் குரல் வந்துவிட்டது. இது அவதூறு என்றார். தன் வக்கீல் யார் தெரியுமா என்றார். தான் தனிமனிதன் இல்லை, ஒரு இயக்கம் என்றார். "நான் விழுந்தா என்னை நம்பின லட்சம் பேர் விழுவாங்க."

"விழட்டும்," என்றார் மேடம். "எழுந்திருக்கும்போதாவது எதையாவது படிச்சுப் பார்ப்பாங்க."

அப்போதுதான் உள்வாசலில் நின்றிருந்த பெண்ணைச் சைரன் பார்த்தான். ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு. கையில் துணிப்பொட்டலம். சிகரத்தின் மனைவி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் நேராக வந்து பொட்டலத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கட்டிங் பிளேயர். அதன் பல்லிடுக்கில் சிவப்பு பிளாஸ்டிக் துணுக்கு இன்னும் சிக்கியிருந்தது.

"குப்பையில போடச் சொன்னார். நான் போடலை."

"நீ உள்ளே போ," என்றார் சிகரம்.

அந்தம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேடத்திடம்தான் பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் நாடகங்களுக்கு ஒப்பனை போட்டவராம் அவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் சூடாகவில்லை என்று சிகரம் ஹீட்டரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். மெக்கானிக் காலையில் வருவான், பொறுங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. குமிழ் திரும்பவில்லை என்று குறட்டால் முறுக்கி, பொத்தானை அழுத்திக்கொண்டே குனிந்து எட்டிப் பார்த்திருக்கிறார். தீ வந்து முகத்தைத் தடவிவிட்டுப் போனது. அதோடு கதவைச் சாத்திவிட்டு வந்து, காலைக்குள் தனக்குப் புருவம் வேண்டும் என்று மனைவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் ஒட்டினேன். தினம் காலையில ஒட்டுறேன். கோடு இல்லாமத்தான் ஒட்டினேன். வேணும்னேதான். யாராவது பார்த்து ஒரு கேள்வி கேட்பாங்கன்னு நினைச்சேன். போலீஸ் வந்தாங்க, பத்திரிகைக்காரங்க வந்தாங்க. எல்லாரும் இவர் பேசுறதைத்தான் கேட்டாங்க. ஒருத்தரும் முகத்தைப் பார்க்கலை."

"இவர் கண்ணாடி பார்ப்பாரே," என்றான் சைரன், தாங்க மாட்டாமல்.

"பார்த்தார். முன்னைவிட இதான் நல்லா இருக்குன்னார்."

சுவரில் இருந்த நாற்பது பேரும் புருவக் கோட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடத்தின் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் இறங்கியது. சனிக்கிழமை காலையில் என்ன நடந்தது என்று கேட்டார். மெக்கானிக் எதையும் பற்ற வைக்கவில்லை. கேஸை மூடத்தான் உள்ளே போயிருக்கிறான். அப்படியானால் நெருப்பு எங்கிருந்து வந்தது?

அந்தம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்குக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாராம். அவன் அறைக் கதவைத் திறந்து, வாசலிலேயே மண்டி போட்டுக் குனிந்திருந்தானாம். அந்தம்மாவைப் பார்த்ததும் எழுந்து கையை நீட்டித் தடுத்தான்.

"கேஸ் வாசனை பயங்கரமா இருக்கு, கிட்ட வராதீங்கம்மா, அந்தச் சுவருக்குப் பின்னாடி ஓடுங்கன்னான். நான் நகர்ற வரைக்கும் அவன் உள்ளே போகலை. நான் சுவர்கிட்டப் போனதைப் பார்த்துட்டுத்தான் வால்வை மூட உள்ளே போனான். சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடி அறை. அங்க இவர் நின்னுக்கிட்டிருந்தார். ஹீட்டரை அங்கேயிருந்தே போடறதுக்கு ஒரு ஸ்விட்ச் பலகை இருக்கு, அது மேல கை வெச்சுக்கிட்டு. உள்ளே ஆள் இருக்கார், கேஸ் வாசனை வருதாம், தொடாதீங்கன்னு சொன்னேன். அவனுக்குப் பயப்பட மட்டும்தான் தெரியும்னு சொல்லிட்டு அழுத்தினார்."

சிகரம் உட்கார்ந்துவிட்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

லைட்டரும் அவருடையதுதான். தீயணைப்பு வண்டி போனதும், போலீஸ் வருவதற்குள், மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் வைத்திருக்கிறார். முந்தின நாள் வந்த தீயைப் பற்றி மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தனக்கு ஒரு சின்னத் தவறு நேர்ந்தது என்று, தன் வேலைக்காரனிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்கு அவரால் முடியவில்லை. சைரன் எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறான்; ஆத்திரத்தில் செய்தவன், ஆசையில் செய்தவன். இவ்வளவு அற்பமான காரணத்தை அவன் கேள்விப்பட்டதில்லை.

சிகரம் மெதுவாக வாயைத் திறந்தார். இது ஒரு விபத்து, இதிலிருந்தும் நாம் பாடம் கற்கலாம் என்று ஆரம்பித்தார். மேடம் தீயணைப்பு மேலதிகாரிக்கும், அப்புறம் சப்-இன்ஸ்பெக்டருக்கு மேலே இருக்கும் அதிகாரிக்கும் போன் போட்டார். அவர் பேசி முடிக்கும்வரை சிகரமும் பேசிக்கொண்டே இருந்தார். கேட்க யாரும் இல்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

போலீஸ் மேலதிகாரி நேரில் வந்தார். குறடும் குமிழும் லைட்டர் போட்டோவும் ஒரே மேஜைக்கு வந்தபோது, சப்-இன்ஸ்பெக்டர் தன் பதினோரு வரியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புருவத்தைச் சிகரமே பிய்த்துக் கொடுத்தார். அது இல்லாமல் அவர் முகம் உரித்த முட்டைபோல் இருந்தது. எதையும் பார்த்து ஆச்சரியப்படக்கூட அந்த முகத்தால் இனி முடியாது. அந்தம்மா தன் வாக்குமூலத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்பது நாள் வாய் மூடியிருந்ததற்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அதிகாரி சொன்னபோது, தெரியும் என்றார்.

வெளியே வந்ததும், தன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியுமா என்று அந்தம்மா மேடத்திடம் கேட்டார்.

சைரன் கண்ணாடியில் அந்தம்மாவைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அவன் மனதில் இரக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது. கோடு இல்லாமல் புருவம் ஒட்டுவதற்குப் பதில் ஒரு போன் செய்திருக்கலாமே என்று தோன்றியது. அதைக் கேட்கவும் கேட்டான்.

"செஞ்சிருக்கலாம்," என்றார் அவர். "இருபத்தாறு வருஷமா நான் எதையும் நேரா சொன்னதில்லை. பழகிடுச்சு. அதை நல்ல காரணம்னு சொல்ல வரலை."

தீக்காயப் பிரிவின் நடையில் மெக்கானிக்கின் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடப் பாவாடைக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். வழக்கு தம்பிமேல் இல்லை என்றதும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். கூட வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவர் முகம் இறுகியது.

அந்தம்மா நின்றபடியே, அவன் தன்னைச் சுவருக்குப் பின்னால் ஓடச் சொன்னதைச் சொன்னார். தான் நகரும்வரை அவன் வாசலில் நின்றதைச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அக்கா எழுந்து போயிருப்பார்.

கேட்டு முடித்ததும் அக்கா பேசினார். நேற்றிலிருந்துதான் தம்பிக்கு நினைவு வந்து வந்து போகிறதாம். வெடித்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. கண் விழிக்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறானாம், நான் எதை மறந்தேன், எங்கே தப்பு செய்தேன் என்று.

"நீ ஒண்ணும் மறக்கலைடான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிறான். அக்கா ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைக்கிறான்."

நாலு மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். விழித்திருக்கிறான், ஒருத்தர் மட்டும் வரலாம், பத்து நிமிஷம்தான் என்றார்.

அக்கா பாவாடையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஊசியை உருவினார். அந்தம்மாவை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நீங்க போங்க. அவன் செஞ்சதைப் பார்த்தது நீங்கதான்."